சயின்ஸ் பேப்பர் எடிட்டிங் (ஃப்ரீலான்ஸ்): அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

பேப்பர் எழுதுற ஸ்காலர்ஸ், டாக்டர்ஸ் ஒரு பக்கம், இந்த வேலைக்கு வரலாமான்னு யோசிக்கிறவங்க இன்னொரு பக்கம், ரெண்டு பேருமே மெசேஜ்ல கேக்குறத சேத்து எழுதியிருக்கேன். நான் எடுக்குறது பெரும்பாலும் பயாலஜி, மெடிக்கல் பேப்பர்ஸ், அதனால உதாரணம் எல்லாம் அங்கேர்ந்துதான் வரும்.

நீங்க ஜர்னல்ல இருக்குற எடிட்டரா?

இல்லைங்க. ஜர்னல் எடிட்டர்ங்கறவர் பேப்பர அதே துறை ஆளுங்ககிட்ட ரிவ்யூவுக்கு அனுப்பலாமா, எடுத்துக்கலாமா, வேணாமான்னு முடிவு பண்றவர். நாங்க ஆத்தர் பக்கம், சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பாத்துக் குடுக்குறவங்க. மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு, பேப்பர் அக்செப்ட் ஆன அப்புறம் பப்ளிஷருக்காக காப்பி எடிட்டிங், டைப்செட்டிங் பண்றவங்க, வெளிநாட்டு ஜர்னல்ஸ் நிறையத்துக்கு அந்த வேலை நம்ம சென்னைலயும் பாண்டிச்சேரிலயும்தான் நடக்குது, அங்க நாலஞ்சு வருஷம் இருந்து ஸ்டைல் எல்லாம் கை பழகினதுக்கு அப்புறம் ஃப்ரீலான்ஸுக்கு வர்றவங்க உண்டு.

கிராமர் பாக்குற சாஃப்ட்வேர்தான் இருக்கே, எடிட்டர் எதுக்கு?

கமா, டென்ஸ், ஆர்ட்டிகிள் இதெல்லாம் சாஃப்ட்வேர் ஓரளவுக்குப் பிடிச்சிடும், அத நான் மறுக்கல. ஆனா எடிட்டருக்குக் குடுக்குற காசு எங்க போகுதுன்னா ஓரத்துல போடுற கமென்ட்ல. நல்ல எடிட்டர் திருத்துறத விட கேக்குறதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணுவாங்க, எனக்கும் அப்படித்தான் போகுது.

என்ன மாதிரி கேள்வின்னா, அப்ஸ்ட்ராக்ட்ல 120 பேஷன்ட்ஸ்னு இருக்கும், மெத்தட்ஸ்லயும் 120, முதல் டேபிள்ல ஆண் 71, பெண் 47ன்னு போட்டிருப்பாங்க, கூட்டிப் பாத்தா 118. அந்த ரெண்டு பேர் எங்க? பாதில விட்டுப் போனாங்களா, டேட்டா இல்லையா, டைப் பண்றப்ப தப்பாச்சா, அது ஆத்தருக்குத்தான் தெரியும், நானா 118ன்னு மாத்தி வெச்சுடக் கூடாது. பி வேல்யூ (நிஜத்துல வித்தியாசமே இல்லன்னாலும் இந்த மாதிரி ரிசல்ட் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற நம்பர்) 0.000ன்னு இருக்கும், எஸ்பிஎஸ்எஸ்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன் அப்படித்தான் காட்டும், ஆனா பி வேல்யூ பூஜ்ஜியம் ஆகவே ஆகாது, 0.001க்கும் கீழன்னு எழுதணும். ஆவரேஜ் பக்கத்துல ப்ளஸ் மைனஸ் போட்டு ஒரு நம்பர் இருக்கும், அது ஸ்டாண்டர்ட் டீவியேஷனா ஸ்டாண்டர்ட் எரரான்னு பேப்பர் முழுக்கத் தேடினாலும் இருக்காது, ரெண்டும் சொல்ற விஷயமே வேற, டீவியேஷன் டேட்டா எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்லும், எரர்ங்கறது சாம்பிள் கூடக் கூட சின்னதாகிட்டே போகும், அதப் பாத்துட்டு படிக்கிறவர் டேட்டா ரொம்ப சீரா இருக்கு போலன்னு நினைச்சுக்குவார். சாம்பிள வேகமா சுத்திப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் மெஷினோட ஸ்பீட ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) மட்டும் எழுதுவாங்க, ரோட்டர் சைஸ் தெரியாம அத வெச்சு இன்னொரு லேப்ல யாரும் திரும்பப் பண்ண முடியாது, சாம்பிள் மேல எவ்வளவு விசை விழுதுன்னு சொல்ற ஜி வேல்யூ வேணும். ரிசல்ட்ஸ்ல பி 0.08ன்னு போட்டுட்டு டிஸ்கஷன்ல ‘சிக்னிஃபிகன்ட்டா குறைஞ்சுது’ன்னு எழுதியிருப்பாங்க, வழக்கமா 0.05க்குக் கீழ இருந்தாத்தான் அப்படிச் சொல்வாங்க, இத ஒரு ரிவ்யூவர் பாத்தா அந்த நிமிஷமே மொத்தப் பேப்பர் மேலயும் நம்பிக்கை போயிடும்.

க்ளினிக்கல் ட்ரையல்னா முதல்ல நான் தேடுறது சிடிஆர்ஐ நம்பர், இந்தியாவுல நடக்குற ட்ரையல்கள பதிவு பண்ற ரிஜிஸ்ட்ரில குடுக்குறது. 2018 ஏப்ரல் 1லேர்ந்து சிடிஆர்ஐல முன்கூட்டியே மட்டும்தான் ரிஜிஸ்டர் பண்ண முடியும், அதாவது முதல் பேஷன்ட்ட சேக்குறதுக்கு முன்னாடி. மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்ஸ் கமிட்டி, அதான் ஐசிஎம்ஜேஇ, அவங்களோட ரூலும் அதேதான். ஸ்டடி முடிஞ்சு பேப்பர் எழுதுற நேரத்துல ‘நம்பர் வாங்கிடலாமா’ன்னு கேட்டா, முடியாதுங்கறதுதான் பதில். பிஜி தீசிஸ் பண்ற டாக்டர் பசங்க இந்த ஒண்ண மட்டும் ஸ்டடி ஆரம்பிக்கும்போதே பாத்து வெச்சுக்கோங்க, எடிட்டர் யாராலயும் பின்னாடி சரி பண்ண முடியாத விஷயம் இது.

பேப்பரோட கூடுதலா குடுக்குற சப்ளிமென்டரி ஃபைல்ல ஜீன் லிஸ்ட் எக்செல்ல இருந்தா அதையும் திறந்து பாக்கணும். எக்செல் சில ஜீன் பேர தேதியா மாத்திடும், செப்ட்1ன்னு அடிச்சா செப்டம்பர் 1 ஆயிடும். 2016ல ஜீனோம் பயாலஜிங்கற ஜர்னல்ல வந்த ஒரு ஸ்டடி எக்செல்ல ஜீன் லிஸ்ட் குடுத்த பேப்பர்கள எடுத்துப் பாத்தப்ப அஞ்சுல ஒண்ணுல இந்த மாதிரித் தப்பு இருந்துச்சு. கடைசில 2020ல மனித ஜீன்களுக்குப் பேர் வெக்கிற கமிட்டி அந்த ஜீன்களோட பேரையே மாத்திடுச்சு, செப்ட்1 இப்ப செப்டின்1. பழைய பேரோட வர்ற பேப்பர் இன்னும் வந்துட்டுத்தான் இருக்கு.

இங்கிலீஷ் பக்கம் நான் அதிகமா கை வெக்கிறது வாக்கிய நீளத்துலதான். நாம தமிழ்ல எச்சம் போட்டு எச்சம் போட்டு நீட்டி எழுதிப் பழகினவங்க, அதே வேகத்துல இங்கிலீஷ்ல எழுதும்போது எது எதோட சேருதுன்னு தெரியாம போயிடும், வெட்டி மூணு வாக்கியமா ஆக்கினா ஆத்தர் சொல்ல வந்தது தானா வெளிய வந்துடும்.

இங்கிலீஷ் நல்லா இருந்தா பேப்பர் அக்செப்ட் ஆயிடுமா?

ஆகாது. ஸ்கோப் பொருந்தலன்னா, சாம்பிள் பத்தலன்னா, டிசைனே சரியில்லன்னா எவ்வளவு நல்ல மொழியும் காப்பாத்தாது. ஆனா மொழி சரியில்லாததால நல்ல வேலை அடிபடுறது நிஜம். 2023ல ப்ளாஸ் பயாலஜிங்கற ஜர்னல்ல ஒரு ஸ்டடி வந்துச்சு, எட்டு நாட்டுல 908 சுற்றுச்சூழல் சயின்டிஸ்ட்ஸ்கிட்ட கேட்டது, நேபாளும் பங்களாதேஷும் அதுல இருக்கு. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களோட பேப்பர் எழுத்துக்காக ரிஜெக்ட் ஆகுறது 2.5 மடங்கு அதிகம், மொழிய சரி பண்ணிட்டு வாங்கன்னு திரும்பி வர்றது 12.5 மடங்கு அதிகம். இது ரொம்ப அநியாயம்னுதான் நான் நினைக்கிறேன், ராத்திரி பகலா லேப்ல நின்னு எடுத்த டேட்டா ஒரு ப்ரிப்போசிஷனால கீழ போகக் கூடாது, நான் இந்த வேலைல இருக்குறதுக்கு காரணமே அதுதான்.

ரிவ்யூவர் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்கிட்ட காட்டுங்க’ன்னு எழுதிட்டார். இப்ப வெளிநாட்டு ஆளத் தேடணுமா?

வேணாம். அந்த கமென்ட் பல நேரம் ‘எனக்கு இந்த இடம் புரியல’ங்கறதுக்கு எழுதுறது. உங்க சப்ஜெக்ட் தெரிஞ்ச, இங்கிலீஷ் நல்லா எழுதுற யாரா இருந்தாலும் போதும், எந்த ஊர்ல பொறந்தாங்கன்னு பாக்க வேண்டியதில்லை. பதில் லெட்டர்ல ‘ப்ரொஃபஷனல் எடிட்டர் ஒருத்தர்கிட்ட குடுத்து முழுசா திருத்தியிருக்கோம்’னு எழுதிட்டு, எந்தெந்தப் பக்கம் மாறியிருக்குன்னு காட்டுங்க. சர்ட்டிஃபிகேட் கேட்டா குடுப்பேன், ஆனா நான் குடுத்ததுக்கு அப்புறம் நீங்க சேத்த பாராவுக்கு அது செல்லாது, சேத்தா மறுபடி ஒரு தடவ அனுப்புங்க.

சாட்ஜிபிடிலயே பண்ணிக்கலாமே?

மொழிய சரி பண்ண யூஸ் பண்றத பல ஜர்னல் இப்ப அனுமதிக்குது, ஆனா ரூல் ஜர்னலுக்கு ஜர்னல் வேற, நீங்க அனுப்பப் போற ஜர்னலோட ஆத்தர் கைட்லைன்ஸ படிச்சே ஆகணும். ஐசிஎம்ஜேஇ 2023லயே தெளிவா சொல்லிடுச்சு, ஏஐய ஆத்தரா போடக் கூடாது, யூஸ் பண்ணியிருந்தா சப்மிட் பண்ணும்போது சொல்லணும்னு.

எனக்கு இதுல இருக்குற பெரிய கவலை என்னன்னா அது கேள்வி கேக்காம மாத்திடும். மேல சொன்ன 118 விஷயத்துல வாக்கியத்த அழகா வழவழன்னு ஆக்கிக் குடுத்துட்டு ரெண்டு பேர் குறையுறத அப்படியே விட்டுடும், இல்லன்னா ‘தொடர்பு இருக்கலாம்’னு நீங்க ஜாக்கிரதையா எழுதினத ‘காரணம்’னு ஆக்கிடும், நீங்களும் நல்லா இருக்கேன்னு கவனிக்காம விட்டுடுவீங்க. இல்லாத ரெஃபரன்ஸயும் நிஜம் மாதிரியே போட்டுக் குடுக்கும். 2024 மார்ச்ல லித்தியம் பேட்டரி பத்தின ஒரு பேப்பரோட முன்னுரை, ‘கண்டிப்பா, உங்க தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோ’ங்கற மாதிரி சாட்பாட் பேசுற வரியோடயே அச்சாகி வந்துச்சு. ஆத்தர்ஸ், ரிவ்யூவர்ஸ், ஜர்னல் எடிட்டர் எல்லாரையும் தாண்டி வந்திருக்கு, முதல் வரிய கூட யாரும் படிக்கலன்னுதான அர்த்தம்.

இன்னொண்ணு, வெளிய வராத டேட்டாவ இலவச சாட்பாட்ல ஒட்டாதீங்க, பேஷன்ட் விவரம் இருந்தா சுத்தமா கூடாது, பேட்டன்ட் போடுற ஐடியா இருந்தா ரெண்டு மடங்கு ஜாக்கிரதை. என்கிட்ட வர்ற ஃபைல நான் எந்த ஏஐ டூல்லயும் ஏத்துறதில்ல, கேட்டா ரகசிய ஒப்பந்தமும் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

டர்னிட்டின்ல 32% வருது, 10%க்குக் கீழ கொண்டு வந்து தருவீங்களா?

டர்னிட்டின்ங்கறது உங்க எழுத்து மத்தவங்க எழுதினதோட எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு காட்டுற சாஃப்ட்வேர், அந்த நம்பர குறைக்கிற வேலை எடுக்குறதில்லைங்க. பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, காப்பி அடிக்கிறத தடுக்க 2018ல போட்ட ரூல்ல 10% வரைக்கும் தண்டனை இல்லை, 10லேர்ந்து 40 வரைக்கும்னா தீசிஸ திருத்தி ஆறு மாசத்துக்குள்ள மறுபடி குடுக்கணும், 60க்கு மேலன்னா ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும், அதனால பசங்க பயப்படுறது எனக்குப் புரியுது. முதல்ல அந்த ரிப்போர்ட்ட திறந்து எங்க மேட்ச் ஆகுதுன்னு பாருங்க. ரெஃபரன்ஸ் லிஸ்ட், சோர்ஸ் சொல்லி கோட் பண்ணது, பொதுவான சொற்கள், தொடர்ச்சியா 14 வார்த்தைக்குள்ள தற்செயலா ஒத்துப் போறது, இதெல்லாம் அந்த ரூல் படியே கணக்குல வராது, அத எக்ஸ்க்ளூட் பண்ணாலே நம்பர் குறையும். மிச்சம் இருக்குறது அடுத்தவங்க வரின்னா, அவங்க பேப்பர மூடி வெச்சுட்டு உங்க சொந்த வார்த்தைல எழுதுங்க, சோர்ஸ் போடுங்க.

வார்த்தைகள மாத்திப் போட்டுக் குடுக்குற பாராஃப்ரேஸ் டூல்ல மட்டும் போட்டுடாதீங்க. 2021ல ஃப்ரான்ஸ்ல இருக்குற கியோம் கபனாக்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் இந்த மாதிரி டூல்ல போய் வந்த பேப்பர்கள கூட்டமா பிடிச்சாங்க, ப்ரெஸ்ட் கேன்சர்ங்கறது ‘புஸம் பெரில்’னும் (மார்பு ஆபத்து), ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் ‘கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’னும் (போலி உணர்வு) மாறியிருந்துச்சு. இப்ப அந்த மாதிரி சொற்கள தேடிப் பிடிக்கவே ப்ரோக்ராம் இருக்கு, பத்து வருஷம் கழிச்சும் உங்க பேர்ல இருக்குற பேப்பர் மாட்டும்.

பேப்பரையே எழுதித் தருவீங்களா? ஸ்கோபஸ் லிஸ்ட்ல இருக்குற ஜர்னல்ல வந்துடும், கேரன்டின்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க, நம்பலாமா?

எழுதித் தர மாட்டேன், நம்பாதீங்க, ரெண்டுக்கும் அதான் பதில். பப்ளிகேஷன் கேரன்டின்னு யாராலயும் நேர்மையா சொல்ல முடியாது, ஏன்னா முடிவு எடுக்குறது ஜர்னல். வாட்ஸப்லயும் டெலிகிராம்லயும் முதல் ஆத்தருக்கு இவ்வளவு, ரெண்டாவது ஆத்தருக்கு இவ்வளவுன்னு ரேட் போட்டு வர்றது எல்லாம் பேப்பர் மில், ஒரே டெம்ப்ளேட்ல பொய் டேட்டா போட்டு அச்சடிக்கிறது. 2023ல மட்டும் உலகம் முழுக்க 10,000க்கு மேல பேப்பர் வாபஸ் ஆச்சு, அதுல 8,000க்கு மேல ஹிந்தாவிங்கற ஒரே பப்ளிஷரோடது. அதுல பேர் இருக்குறவங்களோட ப்ரமோஷன், வேலை, கைட்ஷிப் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பிஎச்டி சப்மிட் பண்ண பேப்பர் போட்டே ஆகணும்ங்கற கட்டாயத்த யுஜிசி 2022 ரெகுலேஷன்லயே எடுத்துடுச்சு. யூனிவர்சிட்டிகள் தங்களோட ரூலா வெச்சுக்கலாம், நிறைய இடத்துல வெச்சிருக்காங்க, அதனால உங்க யூனிவர்சிட்டி ரூல நீங்களே எடுத்துப் படிங்க, சென்டர்காரங்க சொல்றத வெச்சு முடிவு பண்ணாதீங்க. யுஜிசி ஒத்துக்கிட்ட ஜர்னல்களோட கேர் லிஸ்ட்டையும் 2025 பிப்ரவரில நிறுத்திட்டாங்க, இன்னும் ‘யுஜிசி கேர் ஜர்னல்’னு விளம்பரம் பண்றவங்கள பாத்தா தள்ளியே இருங்க.

ஜர்னல் நீங்களே சூஸ் பண்ணித் தருவீங்களா?

நாலஞ்சு பேர் சொல்லுவேன், முடிவு உங்களோடதும் உங்க கைடோடதும். சுலபமான வழி ஒண்ணு இருக்கு, உங்க ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல எந்த ஜர்னல் அடிக்கடி வருதுன்னு பாருங்க, உங்க பேப்பர படிக்கப் போறவங்க அங்கதான் இருக்காங்க. ஓப்பன் ஆக்சஸ்னா, அதாவது யாரும் இலவசமா படிக்கிற ஜர்னல்னா, அந்த மாதிரி ஜர்னல்களோட டிஓஏஜே லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, ஜர்னல நம்பலாமான்னு பாக்க உதவுற திங்க் செக் சப்மிட் சைட்டோட கேள்விகள ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. வெப்சைட் அட்ரஸ எழுத்து எழுத்தா பாருங்க, நல்ல ஜர்னல் பேர்லயே போலி சைட் நடத்துறாங்க. காசு கட்டினாத்தான் பேப்பர் வரும்னும் இல்லை, சந்தா ஜர்னல்ஸ் பலதுல ஆத்தர் ஒண்ணும் கட்ட வேண்டாம்.

இவ்வளவு வேலை பண்றீங்க, உங்க பேரையும் ஆத்தரா போட்டுடலாமா?

அன்புக்கு நன்றி, ஆனா போடக் கூடாது. மொழி திருத்துறது மட்டும் ஆத்தர் ஆகுறதுக்குப் போதாதுன்னு ஐசிஎம்ஜேஇ நேரடியாவே சொல்லுது. அக்னாலட்ஜ்மென்ட்ல ஒரு வரி போதும், அதையும் என்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க, நான் பாத்ததுக்கு அப்புறம் நிறைய மாறியிருந்தா பேர் வேணாம்னு சொல்லுவேன்.

அக்கா, நான் எம்எஸ்சி பயோடெக் முடிச்சிருக்கேன், எப்படி ஆரம்பிக்கிறது? பிஎச்டி இல்லாம முடியுமா?

முடியும்மா. பிஎச்டி இருந்தா கம்பெனிகள் சீக்கிரம் எடுப்பாங்க, ஆனா ஒரு பேப்பர வரிக்கு வரி சந்தேகப்பட்டுப் படிக்கிற பழக்கம்தான் முக்கியம். எடிட்டேஜ், எனாகோ மாதிரி கம்பெனிகள் ஃப்ரீலான்ஸர்ஸ எடுக்குறாங்க, ஒரு டெஸ்ட் வெப்பாங்க. ரேட் கம்மியா இருக்கும், ஆனா முதல் ரெண்டு வருஷம் அங்க இருந்தா பல சப்ஜெக்ட் கை வழியா போகும், உன் திருத்தத்த இன்னொருத்தர் பாத்து கமென்ட் போடுவாங்க, அது வெளிய கிடைக்காது.

படிக்கிறதுக்கு காசே வேணாம். ஐசிஎம்ஜேஇ ரெக்கமண்டேஷன்ஸ முழுசா படி. ட்ரையலுக்கு கன்சார்ட், சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு ப்ரிஸ்மா, அப்சர்வேஷனல் ஸ்டடிக்கு ஸ்ட்ரோப், விலங்கு ஆய்வுக்கு அரைவ், இந்த நாலு செக்லிஸ்ட்டும் ஈக்வேட்டர் நெட்வொர்க் சைட்ல ஃப்ரீயா இருக்கு, எந்த இடத்துல என்ன கேக்கணும்னு அதுவே சொல்லிக் குடுத்துடும். அப்புறம் கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கணக்குப் போடத் தெரியணும்னு இல்லை, டி டெஸ்ட் எங்க வரும், மீடியன் எங்க வரும், ஆட்ஸ் ரேஷியோவுக்குப் பக்கத்துல கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் இருக்கான்னு பாக்கத் தெரியணும். அனுபவம் வந்த அப்புறம் பெல்ஸ்னு ஒரு பரீட்சை இருக்கு, லைஃப் சயின்ஸ் எடிட்டர்களுக்குன்னே 1991ல ஆரம்பிச்ச போர்ட் நடத்துறது, டிகிரியும் ரெண்டு வருஷ அனுபவமும் கேப்பாங்க, வெளிநாட்டு க்ளையன்ட்ஸ்கிட்ட அதுக்கு மதிப்பு இருக்கு.

ஒரு கஷ்டத்தையும் சொல்லிடுறேன். வீட்ல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு ஜர்னல்ஸ படிக்க வழி குறைவு. 2025லேர்ந்து நடக்குற ஒன் நேஷன் ஒன் சப்ஸ்க்ரிப்ஷன், அதாவது அரசே ஜர்னல்களுக்கு சந்தா கட்டுற திட்டம், அரசு காலேஜ், யூனிவர்சிட்டி, ஆராய்ச்சி நிலையங்கள்ல இருக்குறவங்களுக்குத்தான், நம்மள மாதிரி ஆளுக்கு இல்லை, அறிவு வேலை பாக்குற எல்லாருக்கும் அது வரணும்னு நான் மனசார விரும்புறேன். இப்போதைக்கு இலவசமா பேப்பர் கிடைக்கிற பப்மெட் சென்ட்ரல், இலவச காப்பி எங்க இருக்குன்னு காட்டுற அன்பேவால் வெச்சு ஓட்டிக்கலாம், ஆத்தர்கிட்ட கேட்டா அவங்களே பிடிஎஃப் அனுப்புவாங்க.

எவ்வளவு வாங்குறது?

வார்த்தைக் கணக்குதான் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. உன் வேகத்த முதல்ல அளந்து பாரு. நல்லா எழுதின பேப்பர் மணிக்கு ஆயிரம் வார்த்தை கூட போகும், கஷ்டமானது முந்நூறு தாண்டாது. மணிக்கு 500 ரூபா வேணும், வேகம் 500 வார்த்தைன்னு வெச்சுக்கோ, வார்த்தைக்கு ஒரு ரூபா ஆச்சு, 4000 வார்த்தை பேப்பருக்கு எட்டு மணி நேரம், 4000 ரூபா. ஃபைல பாக்காம ரேட் சொல்லவே சொல்லாத, நடுப்பகுதிலேர்ந்து ஒரு முந்நூறு வார்த்தை எடுத்து சாம்பிள் பண்ணிப் பாத்துட்டு சொல்லு, ஏன்னா அப்ஸ்ட்ராக்ட்ட எல்லாரும் பத்து தடவ திருத்தியிருப்பாங்க, டிஸ்கஷன்லதான் உண்மை நிலவரம் தெரியும். ஸ்காலர்ஷிப் வராம இருக்குற ஸ்காலர்னா நான் குறைச்சுக்குறேன், ப்ராஜெக்ட் ஃபண்ட் இருக்குற ப்ரொஃபஸர்னா முழு ரேட்.

நாளைக்குள்ள வேணும், முடியுமா?

எழுத்துப் பிழை மட்டும் பாக்குற ப்ரூஃப்ரீடிங்னா முடியும். எடிட்டிங்னா முடியாதுங்க, நான் கேக்குற கேள்விக்கு நீங்க டேட்டாவ பாத்து பதில் சொல்லவும் நேரம் வேணும்ல.

வேர்டுக்குப் பதிலா லேடெக்ல எழுதின ஃபைல் எடுப்பீங்களா?

எடுப்பேன், ஓவர்லீஃப்ல ஷேர் பண்ணுங்க, இல்லன்னா லேடெக்டிஃப் போட்டு எது மாறியிருக்குன்னு பிடிஎஃப்ல காட்டுறேன். வேர்ட்னா ட்ராக் சேஞ்சஸ் ஆன்ல இருக்கும். ‘எல்லாத்தையும் அக்செப்ட் பண்ணி க்ளீனா அனுப்புங்க’ன்னு சொல்லாதீங்க, ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்க பாத்து ஒத்துக்கணும், பேப்பர் உங்களோடது.

பணம் சரியா வருமா?

புது ஆள்னா பாதி அட்வான்ஸ், மீதி ஃபைல் குடுக்கும்போது. ‘பேப்பர் அக்செப்ட் ஆனதும் தர்றேன்’ங்கறதுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, அது ஏழெட்டு மாசம் ஆகும், தவிர அக்செப்ட் ஆகுறதுல நமக்குக் காசு இருந்தா நாம கேக்க வேண்டிய கேள்விய கேக்காம விட்டுடுவோம். எனக்கு ஒரு காலேஜ்ல இருந்து இன்னும் ஒரு பில் வராம நிக்குது, அதுக்கு அப்புறம்தான் என்ன வேலை, எத்தனை ரவுண்டு, எப்ப பணம்னு எல்லாத்தையும் மெயில்ல எழுதி வாங்கிட்டு ஆரம்பிக்கிறேன். வெளிநாட்டுப் பணம் வந்தா பேங்க்லேர்ந்து ரெமிட்டன்ஸ் அட்வைஸ் (பணம் வந்ததுக்கான சான்று) எடுத்து வெச்சுக்கோங்க, வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி வரும், அதுக்கு ஒரு நல்ல ஆடிட்டர்தான் சரி.

எடிட் பண்ணியும் ரிஜெக்ட் ஆனா காசு திருப்பித் தருவீங்களா?

திருப்பித் தர்றதில்லை. ஆனா மொழி சரியில்லன்னு ரிவ்யூவர் குறிப்பா எழுதி, அது நான் பாத்த வரியா இருந்தா, அந்தப் பகுதிய மறுபடி பாத்துக் குடுப்பேன், அதுக்குக் காசு வாங்க மாட்டேன். ரிவிஷன் வந்தா ரிவ்யூவர் கமென்ட்ஸயும் உங்க பதிலயும் சேத்து அனுப்புங்க, பதில் லெட்டர்ல கோபம் தெரியுற வரி இருந்தா அதையும் சொல்றேன், முதல் வாரம் எல்லாருக்கும் கோபம் வரத்தான் செய்யும், அதனால கமென்ட் வந்த அன்னைக்கே எழுதாம நாலு நாள் விட்டு எழுதுங்க. டெஸ்க் ரிஜெக்ட்னா ரிவ்யூவே நடக்கல, அடுத்த ஜர்னலோட வார்த்தை லிமிட், ரெஃபரன்ஸ் ஸ்டைல் பாத்து மாத்தி, கவர் லெட்டர்ல பழைய ஜர்னல் பேர் இருக்கான்னு பாத்துட்டு, அதே வாரம் அனுப்பிடுங்க.